பதினேழு தரம் போய் வந்தவர்

"பதினேழு தரம் போய் ஒருக்காலும் வெல்லாத ஆளை எப்பிடி மச்சான் பெரிய கோச் எண்டு சொல்லுறாய்?"

கூட்டாளி ஒருவன் கேட்ட கேள்வி இது. 2024 பெப்ரவரியில் மைக் மார்ட்டின் என்ற அமெரிக்கப் பேஸ்போல் பயிற்சியாளர் 79 வயதில் இறந்துபோனார். அந்தச் செய்தியை நான் பகிர்ந்திருந்தேன். எங்கட வட்டத்தில் பேஸ்போல் பார்க்கிறவர்கள் என்று எடுத்தால் நானும் அவனும்தான். மிச்ச ஆக்களுக்கு அது 'கிரிக்கெட் மாதிரி, ஆனால் விளங்காத ஒன்று'. அவனுக்கு அன்றைக்கு வாட்ஸப்பில் எழுதின பதில் நீண்டுகொண்டே போனது. அதைத்தான் கொஞ்சம் ஒழுங்காக இங்கே எழுதுகிறேன். அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மார்ட்டின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளராக 1980 தொடக்கம் 2019 வரை 40 பருவங்கள் இருந்தவர். வெற்றி 2,029, தோல்வி 736, சமநிலை 4. அமெரிக்கக் கல்லூரி பேஸ்போலில் வேறு யாரும் இத்தனை போட்டிகளை வென்றதில்லை. ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரத்தில் கல்லூரி உலகத் தொடர் என்ற பெயரில் கடைசிச் சுற்று நடக்கும். நாடு முழுக்க இருந்து எட்டே எட்டு அணிகள் அங்கே போகும். மார்ட்டின் தன்னுடைய அணியை அங்கே 17 தரம் கூட்டிக்கொண்டு போனார். 17 தரமும் கோப்பை இல்லாமல் திரும்பினார்.

கூட்டாளியின் கேள்வி நியாயமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். மார்ட்டின் பதவியில் இருந்த காலம் முழுக்க டலஹாசி நகரத்தில் ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களும் இதையேதான் கேட்டார்கள். ஆனால் கேள்வி பிழையான அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படுகிறது என்பது என் கட்சி.

முதலில் பேஸ்போலைப் பற்றிக் கொஞ்சம். தெரிந்தவர்கள் அடுத்த பந்திக்குத் தாவலாம். ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூன்று பேர் ஆட்டமிழந்தால் மற்ற அணி துடுப்பெடுக்கும். நாலு தளங்களைச் சுற்றி ஓடி வந்தால் ஒரு ஓட்டம். எல்லே விளையாடினவர்களுக்கு இந்த ஓட்டம் புதிதில்லை. பந்துவீச்சாளர் அடிக்க முடியாத இடத்தில் நாலு பந்து போட்டுவிட்டால் துடுப்பாட்டக்காரர் சும்மா நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம். இதற்குப் பெயர் வோக். பின்னால் இது தேவைப்படும். முக்கியமான விசயம், இந்த விளையாட்டில் நல்ல அணி அடிக்கடி தோற்கும். தொழில்முறை லீக்கில் நூற்றுக்கு அறுபது போட்டி வென்றாலே அந்த அணியைக் கொண்டாடுவார்கள். உலகத்திலேயே சிறந்த அணி மிக மோசமான அணியிடம் ஒரு செவ்வாய்க்கிழமை தோற்பது அங்கே செய்தியே இல்லை. இப்படியான ஒரு விளையாட்டில் மார்ட்டின் 40 வருடமாக நூற்றுக்கு 73 வென்றிருக்கிறார்.

ஆள் பெரிய வீரனாக வந்து பயிற்சியாளரானவரில்லை. வட கரோலினாவில் வளர்ந்தார். அறுபதுகளின் நடுவில் இதே பல்கலைக்கழகத்துக்கு விளையாடினார். 1965-ல் அந்த அணி ஓமஹாவுக்குப் போனபோது அணியில் இருந்தார். பிறகு மெட்ஸ், டைகர்ஸ் இரண்டு அமைப்புகளின் கீழ்நிலை லீக்குகளில் கொஞ்சக்காலம். மேஜர் லீக் வாசலுக்கு வந்து சேரவில்லை. அதற்குப் பிறகு டலஹாசியில் ஒரு சின்னக் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர், 1975-ல் பழைய பல்கலைக்கழகத்தில் பேஸ்போல் துணைப் பயிற்சியாளர். 1979-ல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டிக் ஹௌசரை நியூயோர்க் யாங்கீஸ் கூப்பிட்டது. ஹௌசர் போனார். (பிறகு 1985-ல் கன்சஸ் சிற்றி ரோயல்ஸுக்கு உலகத் தொடரையே வென்று கொடுத்தார். பல்கலைக்கழக மைதானத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.) கதிரை காலியானது, மார்ட்டின் அமர்ந்தார். முதல் பருவத்திலேயே ஓமஹா. 36 வயது. அந்த வருடம் யாராவது அவரிடம் 'நீ இன்னும் பதினாறு தரம் இங்கே வருவாய், ஒருக்காலும் வெல்ல மாட்டாய்' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

1986-ல் இறுதிப்போட்டி, அரிசோனாவிடம் 10-2. 1999-ல் திரும்பவும் இறுதிப்போட்டி, அதே மாநிலத்துப் பரம எதிரி மயாமியிடம் 6-5. ஒரே ஒரு ஓட்டம். அந்தக் காலத்தில் இறுதி ஒரே போட்டிதான். மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும் என்ற முறை 2003-ல்தான் வந்தது. மார்ட்டினின் கோப்பையில்லா வாழ்க்கையை அந்த ஒரு ஓட்டத்திலேயே எழுதி முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அது சோம்பேறி எழுத்து. 1999-க்குப் பிறகும் இருபது வருடம் அவர் விளையாட்டுக்குள்தான் நின்றார்.

சரி, அதிர்ஷ்டம் இல்லாத ஆள் என்று சொல்லிவிட்டுப் போகலாமா? கணக்குப் பார்த்தேன். எட்டு அணிகளும் சமபலம் என்று வையுங்கள். ஒவ்வொரு தரமும் வெல்லுகிற வாய்ப்பு எட்டில் ஒன்று. வெல்லாமல் போகிற வாய்ப்பு எட்டில் ஏழு. 17 தரமும் வெல்லாமல் போக, எட்டில் ஏழை 17 தரம் பெருக்க வேண்டும். வருவது கிட்டத்தட்ட 0.10. அதாவது ஓமஹாவுக்கு 17 தரம் போன பத்துப் பயிற்சியாளர்கள் இருந்தால், அவர்களில் ஒருவருக்குச் சும்மா தாயம் விழுந்த விதத்திலேயே இந்தக் கதி வரும். மார்ட்டினின் அணி மற்ற ஏழையும் விடக் கொஞ்சம் பலம், வாய்ப்பு ஆறில் ஒன்று என்று வைத்தால் இது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போகும்.

ஆகவே முழுக்க அதிர்ஷ்டம் என்று நான் வாதாட மாட்டேன். வேறு ஏதோ இருக்கிறது. அவருடைய அணிகள் பொறுமைக்குப் பெயர்போனவை. அவசரப்பட்டு அடிக்க மாட்டார்கள். பந்துவீச்சாளரைக் களைக்க வைத்து, வோக் எடுத்து, தளங்களை நிரப்பி, பிறகு அடிப்பார்கள். பெப்ரவரி தொடக்கம் மே வரை, நாலு மாத நீளத்தில், இது பணம் காய்க்கிற மரம். ஆனால் ஓமஹாவில் எதிரே நிற்கிறவர்கள் நாட்டின் ஆகச் சிறந்த பந்துவீச்சாளர்கள். அவர்கள் வோக் தர மாட்டார்கள். பொறுத்துக்கொண்டு நிற்கிறவன் நின்ற இடத்திலேயே ஆட்டமிழப்பான். இது விமர்சகர்கள் பல வருடமாகச் சொன்னது. அதில் உண்மை இருக்கிறதென்றே எனக்கும் படுகிறது. நீண்ட பருவத்துக்கு உருவாக்கின அணி வேறு, பத்து நாள் சூதாட்டத்துக்கு உருவாக்கின அணி வேறு. மார்ட்டின் முதலாவதைத்தான் கட்டினார்.

இன்னொன்றையும் ஒளிக்கக் கூடாது. 2,029 என்ற எண்ணுக்குள் வெயிலும் இருக்கிறது. பெப்ரவரியில் வடக்கு மாநிலங்கள் பனிக்குள் புதைந்து கிடக்க, புளோரிடாவில் தன் வீட்டு மைதானத்தில் வரிசையாக விளையாடலாம். வடக்கு அணிகள் பஸ் ஏறித் தெற்கே வந்து தோற்றுவிட்டுப் போகும். 40 வருடம் ஒரே கதிரையில் இருந்தவருக்கு எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

இவ்வளவையும் கழித்த பிறகும் மிஞ்சுவது என்ன?

ஓகி கரீடோ என்று ஒருவர். மார்ட்டினுக்கு முதல் அதிக வெற்றிச் சாதனை அவரிடம்தான் இருந்தது, 1,975. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுலர்ட்டன் அணியோடு மூன்று கோப்பை, டெக்சாஸோடு இரண்டு. ஓமஹாவுக்கு 15 தரம் போய் ஐந்து தரம் வென்றவர். ரிச்சர்ட் லிங்லேட்டர் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்திருக்கிறார். 2018 மார்ச்சில் கரீடோ இறந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மே 5-ஆம் திகதி கிளெம்சனை 3-2 என்று வென்று மார்ட்டின் 1,976-ஐத் தொட்டார். கூட்டாளியின் வாதம் முழுக்க கரீடோதான். 'அஞ்சு கோப்பை மச்சான், அஞ்சு!'

கரீடோ பெரிய ஆள், மறுப்பில்லை. ஆனால் அதே கரீடோவின் டெக்சாஸ் 2012, 2013 இரண்டு வருடமும் தேசியச் சுற்றுக்கே தெரிவாகவில்லை. நாட்டின் ஆகப் பணக்காரப் பல்கலைக்கழகங்களில் ஒன்று, இருந்தும் அப்படி. 2016-ல் தோல்விகள் வெற்றிகளைவிடக் கூடிய ஒரு பருவத்தோடு அவர் விலகினார். மார்ட்டினுக்கு இப்படி ஒரு வருடம் எப்போது வந்தது? வரவேயில்லை. 40 பருவத்தில் 40 தரமும் தேசியச் சுற்று. 40 பருவத்திலும் குறைந்தது 40 வெற்றி. ஒரு வருடம்கூட சறுக்கவில்லை.

'அது சும்மா ஒரே மாதிரி நடுத்தரமா இருந்தது' என்றான் கூட்டாளி. இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

கல்லூரி அணி என்றால் என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். தொழில்முறை அணியில் ஒரு நல்ல வீரனைப் பத்து வருடம் வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் ஒருத்தன் நிற்பது மூன்று அல்லது நாலு வருடம். நல்லவனென்றால் மூன்றாம் வருட முடிவில் மேஜர் லீக் அணிகள் தெரிவு செய்து கொண்டுபோய்விடும். அதைவிடக் கொடுமை, பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே ஒரு பெடியனை வளைத்துப் பிடித்து, அவனும் வருகிறேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகு, அவன் வளாகத்தில் கால் வைக்க முதலே ஒரு தொழில்முறை அணி காசைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போகலாம். மார்ட்டினின் கடைசி வருடங்களில் ஒரு அணிக்கு அனுமதித்த முழு உதவித்தொகை 11.7 மட்டும். அதை 27 பேர் வரைக்கும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கால் உதவித்தொகைக்கு வருகிற பெடியனின் தாய் தகப்பனிடம் மிச்ச முக்காலை நீங்கள் போடுங்கள் என்று கதைத்துச் சம்மதிக்க வைப்பதும் பயிற்சியாளரின் வேலைதான். ஆக, மார்ட்டின் நடத்தியது ஒரு அணியை அல்ல. நாலு வருடத்துக்கு ஒருமுறை முழுதாகக் கலைந்து போகிற பத்து அணிகளை அவர் அடுத்தடுத்துக் கட்டினார். பத்திலும் அடிமட்டம் ஒரே உயரத்தில் நின்றது.

இப்போது அளவுகோலைப் பெடியனின் கையில் கொடுங்கள். அவனுக்கு 18 வயது. அவனுக்கு இருப்பது நாலு ஜூன் மாதங்கள், அவ்வளவுதான். 1984-ல் கரீடோ கோப்பை வென்றார் என்பது 1990-ல் வருகிறவனுக்கு சுவரில் தொங்குகிற படம். ஆனால் மார்ட்டினிடம் போனவனுக்கு, எந்த வருடம் போயிருந்தாலும், ஒவ்வொரு ஜூன் மாதமும் விளையாட ஒரு போட்டி இருந்தது. 1983-ல் சேர்ந்தவனுக்கும் 2013-ல் சேர்ந்தவனுக்கும் அது கிடைத்தது. பயிற்சியாளர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்கு இதைவிட வேறு என்ன வடிவம் இருக்கிறது?

ஓமஹா எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2001 தொடக்கம் 2007 வரை ஒரு தரம்கூட அங்கே போகவில்லை. 2001-ல் சேர்ந்து 2004-ல் பட்டத்தோடு வெளியேறினவன் நாலு வருடமும் வாசலுக்குக் கிட்டப் போய் திரும்பினவன். அவனைக் கேட்டால் என்னுடைய இந்தப் பந்தியைத் தூக்கி எறிவான். இருக்கட்டும்.

அந்தக் காய்ந்த வருடங்களின் கடைசியில்தான் பஸ்டர் போசி வருகிறான். 2006-ல் உள்வட்டத் தடுப்பாட்டக்காரனாக வந்தவனை அடுத்த வருடம் பந்துபிடிப்பவனாக, அதாவது துடுப்பாட்டக்காரனுக்குப் பின்னால் குந்தி இருக்கிறவனாக, மாற்றினார்கள். வாழ்நாளில் பெரிதாகச் செய்திராத வேலை. 2008-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரனுக்கான விருது அவனுக்கு. அந்த மே மாதம் ஒரே போட்டியில் மைதானத்தின் ஒன்பது இடத்திலும் நின்று விளையாடினான், பந்தும் வீசினான். அதே வருடம் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ஐந்தாவது ஆளாகத் தெரிவு செய்தது. பிறகு அந்த அணிக்கு 2010, 2012, 2014 என்று மூன்று உலகத் தொடர். போசியை வைத்துக்கொண்டும் 2008 ஓமஹாவில் மார்ட்டினின் அணி இரண்டே போட்டியில் வெளியே வந்தது! கூட்டாளிக்கு இது ஆதாரம். எனக்கும் இது ஆதாரம்தான், எதிர்ப்பக்கத்துக்கு. போசியின் வாழ்க்கையை மாற்றினது ஓமஹாவின் அந்த இரண்டு போட்டியா, இடத்தை மாற்றிக் குந்த வைத்த அந்தத் தீர்மானமா?

2018 ஜூன் பற்றி எழுதாமல் போக முடியாது. சாதனை கைக்கு வந்து ஒரு மாதம். முதற்சுற்று சொந்த மைதானத்தில். வெள்ளிக்கிழமை சாம்ஃபோர்ட் என்ற சின்னப் பல்கலைக்கழகத்திடம் கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் வாங்கி 7-6. சனிக்கிழமை மிசிசிப்பி மாநில அணிக்கு எதிராக 2-0 என்று முன்னால் நிற்கிறார்கள். திரும்பவும் கடைசி இன்னிங்ஸ், திரும்பவும் ஹோம் ரன், மூன்று ஓட்டம், 3-2. இரண்டு நாளில் இரண்டு தரம், பந்து தலைக்கு மேலாலே பறக்க, அதோடு பருவமே முடிந்துபோனது. 74 வயது மனுசன். நானென்றால் அன்றைக்கே திறப்பைக் கொடுத்துவிட்டு வீட்டை போயிருப்பேன். இன்னும் ஒரு வருடம் என்று சொன்னார்.

அந்த ஒரு வருடம் அழகான வருடமில்லை. 2019 மார்ச்சில் 2,000-ஆவது வெற்றி வந்தது. ஆனால் அணி தடுமாறியது. 40-ஆவது தடவையாகத் தேசியச் சுற்றுக்கு இடம் கிடைக்குமா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. கிடைத்தது. ஜோர்ஜியாவுக்குப் போய் அந்த வீட்டுக்காரரைத் தோற்கடித்தார்கள். லூசியானாவுக்குப் போய் அங்கேயும் அதே. இரண்டாவது போட்டி 12 இன்னிங்ஸ். 17-ஆவது தடவையாக ஓமஹா. முதல் போட்டியில் ஆர்கன்சோவை 1-0. 'கடவுளே, இந்தமுறை கதை எழுதியே வைச்சிருக்கு' என்று நான் நடுச்சாமத்தில் அவனுக்கு மெசேஜ் போட்டது இன்னும் போனில் கிடக்கிறது. அடுத்தது மிச்சிகன், 2-0 தோல்வி. அடுத்தது டெக்சாஸ் டெக், 4-1 தோல்வி. இரண்டு தோல்வி என்றால் அங்கே வீட்டுக்குத்தான். கடைசி மூன்று போட்டியிலும் சேர்த்து அவருடைய அணி எடுத்தது இரண்டே ஓட்டம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னுடைய வாதத்துக்குக் கடைசிச் சாட்சி, கசப்பான சாட்சி. அவருடைய மகன், நீண்டகாலம் அவருக்குத் துணையாக இருந்தவர், தலைமைப் பயிற்சியாளரானார். முதல் பருவம் கொரோனாவால் பாதியில் நின்றது. அடுத்த இரண்டு பருவமும் தேசியச் சுற்றுக்குப் போனார்கள், முன்னேறவில்லை. 2022-ல் அவரை அனுப்பிவிட்டார்கள். தகப்பனின் 40 வருடத்தில் 'தேசியச் சுற்றுக்குப் போவது' என்பது காற்று மாதிரி ஆகிவிட்டிருந்தது. அது இருக்கிறதென்று யாரும் பார்ப்பதில்லை. வேறு அநேகமான பல்கலைக்கழகங்களில் அது நல்ல வருடம். அங்கே அது வேலை போகிற வருடம். அடுத்து வந்தவர் லிங்க் ஜாரெட், தொண்ணூறுகளில் மார்ட்டினிடமே விளையாடினவர். அவருடைய முதல் பருவம், 2023: வெற்றி 23, தோல்வி 31. தேசியச் சுற்று இல்லை. நடுத்தரம் என்று கூட்டாளி சொன்ன அந்தச் சாமானைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த வருடம்தான் டலஹாசிக்கு விளங்கியிருக்கும்.

மார்ட்டின் 2024 பெப்ரவரி முதலாம் திகதி இறந்தார். கடைசிக் காலத்தில் மறதி நோய் அவரைப் பிடித்திருந்தது. இரண்டு கிழமையில் பருவம் தொடங்கியது. ஜூன் மாதம் ஜாரெட் தன் அணியோடு ஓமஹாவில் நின்றார். முதல் போட்டி டெனசியோடு. கடைசி இன்னிங்ஸுக்குப் போகும்போது 11-8 என்று முன்னால். எனக்கு வயிறு கலக்கத் தொடங்கிவிட்டது. கூட்டாளி ஒரு சொல் எழுதாமல் சிரிக்கிற முகம் ஒன்று மட்டும் அனுப்பினான். டெனசி நாலு ஓட்டம் எடுத்தது, 12-11. அந்த அணி அதற்குப் பிறகு இரண்டு போட்டி வென்று, திரும்பவும் டெனசியிடமே தோற்று வீட்டுக்குப் போனது. அதோடு அந்தப் பல்கலைக்கழகம் ஓமஹாவுக்குப் போனது 24 தரம். கோப்பை இன்னும் இல்லை.